பெட்டியில் இல்லாத புத்தகம்

எங்கள் வீட்டு ஹாலில் இன்னும் காய்ந்த வேப்பிலை வாசம் அடிக்கிறது. பூச்சி அரிக்காமல் இருக்க ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் நாலு இலையைச் செருகி வைப்பாயே, அந்த வாசம். உன் புத்தகப் பெட்டி இங்கே இருந்தது ஒரே ஒரு வாரம். போன ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஆனாலும் வீட்டைப் பெருக்கும்போதெல்லாம் ஒரு துண்டு இலை விளக்குமாற்றில் அகப்படுகிறது. நீ இருந்தபோதும் இப்படித்தான். வந்துவிட்டுப் போனால் எதையாவது விட்டுவிட்டுப் போவாய். குடை, கண்ணாடிக்கூடு, ஒரு தடவை வலது கால் செருப்பு. இடது காலில் உன்னுடையதும் வலது காலில் என்னுடையதுமாக ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தவள் நீ.

பெட்டியை இங்கே கொண்டுவந்தவர் உன் வீட்டுக்காரர். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் அண்ணாச்சி வீட்டை விட்டு வெளியே வந்ததே அபூர்வம். ஞாயிறு ஆராதனைக்கும் போவதில்லை. உன் மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினால், நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாராம். பட்டாளத்தில் இருந்து வந்த மனிதர், ஒரு நாள்கூட முகம் வழிக்காமல் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வாசலில் தாடியும் அட்டைப்பெட்டியுமாக நின்றவரை, ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்து, ஒண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்காக நீ என்னை எத்தனை நாள் கேலி செய்திருப்பாய் என்று யோசித்தேன்.

உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன். அவர் டம்ளரைத் தொடவே இல்லை.

“தங்கச்சி, இதுல அவ புத்தகம் பூரா இருக்கு. எனக்கு எத வாசிக்கன்னு தெரியல. அவதான எடுத்துக் குடுப்பா. நீ ஒண்ணு எடுத்துக் குடு. செத்த நேரமாவது மனசு எதுலயாவது நிக்கணும். இல்லன்னா சரிப்படாது.”

சரிப்படாது என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பயமாக இருந்தது. ஒரு புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்லலாம். நம் இருவராலும் அப்படிச் சொல்ல முடியாது. தப்பான புத்தகத்தைக் கொடுத்தால் அந்த மனிதர் மறுபடி யாரிடமும் எதையும் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது உனக்குத் தெரியும்.

இருந்தும் என் புத்தி எங்கே போகும்? அரை மணி நேரத்தில் மூன்று புத்தகம் எடுத்துவிட்டேன். துக்கத்தில் ஆறுதல் என்று ஒன்று. பரலோக நம்பிக்கை பற்றி ஒன்று. துணையை இழந்தவர்களுக்கான ஜெபங்கள் என்று ஒன்று. அது உன் பெட்டியில் இல்லை, என் அலமாரியிலிருந்தே எடுத்துச் சேர்த்தேன். மூன்றையும் அடுக்கி நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது மகள் பியூலா வந்து நின்றாள். திருப்பூரிலிருந்து ஒரு வார லீவில் வந்திருந்தாள்.

“மாமாவுக்கு மருந்து கட்டுறீங்களாம்மா?” என்றாள்.

அது உன் வார்த்தை. கட்டுவதை நிறுத்திவிட்டேன்.

அந்த வார்த்தையை நீ முதலில் சொன்னது அறுப்பின் பண்டிகை அன்று, உங்கள் ஊர்க் கோயில் வளாகத்தில். ஒரு பக்கம் காணிக்கையாக வந்த பூசணிக்காயும் நாட்டுக்கோழியும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் வேப்பமரத்தடியில் நம் புத்தக மேசை. தியானப் புத்தகங்கள் என் பொறுப்பு. கதை, சமையல், பயணம், சிரிப்பு எல்லாம் உன் பொறுப்பு. கோயில் இடத்தில் கதைப் புத்தகம் எதற்கு என்று கமிட்டிக்காரர் ஒருவர் கேட்க, நீ சிரித்துக்கொண்டே, “ஆண்டவரே கதை சொல்லித்தானய்யா கூட்டத்த உக்கார வச்சாரு” என்றாய். அவர் கோழி ஏலம் பார்க்கப் போய்விட்டார்.

அன்றைக்குச் சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த ஒரு அம்மா உன் பக்கத்தில் ஒரு சிரிப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் புருஷன் பேசி ஒரு வருடம் ஆகிறது என்று யாரோ என் காதில் போட்டிருந்தார்கள். நான் சும்மா இருந்தேனா? குடும்ப சமாதானத்துக்கான தியானங்கள் என்ற புத்தகத்தை அவர் கையில் திணித்தேன். அந்த அம்மா இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

“ஏட்டி, நீ புத்தகமா விக்க, மருந்தா கட்டிக் குடுக்க?” என்றாய். “அவ பாவம், வருசத்துல ஒரு நா சிரிக்கலாம்னு வந்தா. அதயும் கெடுத்துப்புட்ட.”

எனக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு ஆளைப் பார்த்ததும் நோய்தான் கண்ணில் படுகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

ஆனால் அதே வேலையை என் வீட்டிலும் செய்து வைத்தேனே. பியூலா நர்சிங் கல்லூரியை ஒரு வருடத்தோடு விட்டுவிட்டு வந்து நின்ற காலம். துணியில் டிசைன் போடப் படிக்க வேண்டும் என்றாள். எனக்கு உலகமே இருண்டுவிட்டது. தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவோம். தியானப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே தேதி போட்டிருக்கும். அன்றைய தேதிக்கு உள்ள பக்கத்தைத்தான் வாசிக்க வேண்டும், அதுதான் முறை. நான் என்ன செய்தேன்? கீழ்ப்படியாத பிள்ளைகளைப் பற்றிய பக்கம் எங்கே இருக்கிறது என்று முன்னதாகவே தேடி வைத்து, அதை வாசித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, இந்த வீட்டுல ஒரு பிள்ளை பெத்தவங்க மனச நோகடிச்சுக்கிட்டு இருக்கு, நீர் அறிவீர்” என்று ஜெபமும் பண்ணினேன். ஆண்டவருக்குத் தெரியாதது போல விலாசம் வேறு சொன்னேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் பியூலா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இன்னைக்குத் தேதி பதினாலும்மா. நீங்க முப்பதாம் தேதிப் பக்கத்த வாசிச்சிருக்கீங்க.”

எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஜெபத்துக்கு உட்காரவில்லை. என்னோடு பேச்சும், சாப்பாடு இருக்கா, போதும் என்ற அளவில் நின்றுபோனது.

உன்னிடம் வந்து அழுதேன். நீ ஆறுதல் சொல்வாய் என்று பார்த்தால், சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெத்த பிள்ளைய அடிக்கக் கம்பு கெடைக்கலன்னா ஆண்டவர எடுத்து அடிப்பியா?” என்று கேட்டாய். அதற்குமேல் நான் அழவில்லை. அந்த ஒரு கேள்வி நெஞ்சில் குத்தியது குத்தியபடி இன்றைக்கும் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். தபாலாபீஸ் வேலை முடிந்து நேராகப் பஸ் ஏறி, கையில் ஒரு பால்கோவாப் பொட்டலமும் பையில் ஒரு கதைப் புத்தகமுமாக. பியூலாவைக் கூப்பிடவும் இல்லை, கதவைத் தட்டவும் இல்லை. ஹாலில் உட்கார்ந்து எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சத்தமாக வாசித்தாய். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை காணாமல் போகிற கதை. உன் வாசிப்புக்கு நாற்காலி மேசையும் சிரிக்கும். சமையலறையில் ஒளிந்திருந்த மாப்பிள்ளையை நாய் மோப்பம் பிடிக்கிற இடத்தில் டப்பென்று புத்தகத்தை மூடினாய். அன்றைய தேதிக்கு உள்ள தியானப் பக்கத்தை, ஒரு சொல்லுக்கும் அழுத்தம் கொடுக்காமல் வாசித்தாய். நாலே வரியில் ஜெபம் முடிந்தது. “நான் போறேன், அடுத்த வெள்ளி வாரேன்” என்று கதைப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

இரண்டாவது வெள்ளி அறைக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. மூன்றாவது வெள்ளி நீ வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அத்தை, நாய்க்கு என்னாச்சுன்னு போன வாரம் சொல்லவே இல்லல்லா?”

“இங்கன வந்து உக்காரு, சொல்லுதேன்” என்றாய்.

அவள் வந்தாள். அன்றைக்கு ஜெபத்துக்கும் எழுந்து போகவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன், நான் அழுவதை அவள் பார்த்துவிடக் கூடாதே. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கதையைத் தேர்ந்தெடுப்பது அவள் வேலை ஆனது. தியானத்தைத் தேர்ந்தெடுப்பது யாருடைய வேலையும் இல்லை, அதற்குத் தேதி இருக்கிறது.

இதெல்லாம் நூலும் கையுமாக நின்ற அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தது. கட்டை அவிழ்த்தேன். ஆனால் அதற்குப் பதில் எதை எடுப்பது? ஒரு வாரம் முழுக்க உன் பெட்டியைக் குடைந்தேன். சிரிப்புக் கதையை எடுத்தால், மனைவியைப் பறிகொடுத்தவருக்கு இதுவா என்று இருக்கிறது. ஜெபப் புத்தகத்தைத் தொட்டால் நீ முறைக்கிறாய். கடைசியில் தோற்றுப்போனேன் என்றே வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பியூலா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

அண்ணாச்சி கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

“ஒண்ணும் அகப்படலயா?”

“எனக்குத் தெரியல அண்ணாச்சி” என்றேன். ஐம்பத்தெட்டு வயதில் அந்த வார்த்தையைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. “உங்களுக்கு எது வேணும்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க. நான் உக்காந்து வாசிக்கேன்.”

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. அடுப்படிக்குப் போய், பிரிட்ஜுக்கு மேலிருந்து காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். துப்பறியும் கதை. மலைத்தோட்டத்து பங்களாவில் முதலாளி செத்துக் கிடக்கிறார், கொன்றது யார் என்று கேள்வி. பாதியில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று அடையாளத்துக்குச் செருகியிருந்தது.

“இத நான் பெட்டியில வைக்கல. ஆஸ்பத்திரில அவதான் எனக்கு வாசிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தா. படுத்திருந்தவ அவ, கத கேட்டவன் நான். யாரு கொன்னான்னு அவளுக்குத் தெரியும், முன்னமே படிச்சவ. எத்தன தடவ கேட்டுப் பாத்தேன். சொன்னா ருசி போயிரும்னுட்டா.”

“பொறவு நீங்களே வாசிச்சிருக்கலாம்ல்லா?”

“முடிஞ்சிருமே தாயி.”

புத்தகத்தை வாங்கி, சீட்டு இருந்த பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். குரல் சரியாக வரவில்லை. மறைக்க வேண்டி வேகமாக ஓட்டினேன். நாலு வரி போகும் முன் அண்ணாச்சி கையைக் காட்டினார்.

“அவ இம்புட்டு வேகமா வாசிக்க மாட்டா.”

நிதானமாக வாசித்தேன். அடுத்த அத்தியாயத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கும் அடுத்ததில், “டிரைவர்தான்” என்றார். பியூலா, “இல்ல மாமா, சமையக்காரரப் பாருங்க, ஒரு நேரம் பேசுன மாதிரி ஒரு நேரம் பேசல” என்று ஆரம்பிக்க, இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு வழக்கு நடத்தினார்கள். டிரைவரின் சட்டையில் ஒரு பொத்தான் குறைகிறது என்று போலீஸ்காரர் கண்டுபிடிக்கும் இடத்தில் புத்தகத்தை மூடினேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். ஏழு மாதத்தில் அவர் முகத்தில் வந்த முதல் கோபம் அது.

பெட்டியிலிருந்து தியானப் புத்தகத்தை எடுத்து அன்றைய தேதியைப் பிரித்தேன். அன்றைக்கு உள்ள பாடம் நாவடக்கம். துக்கமும் இல்லை, ஆறுதலும் இல்லை, எனக்கென்றே அச்சடித்தது போல நாவடக்கம். வாசித்து முடிக்கும்வரை பியூலா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் ஜெபம் பண்ண வாய் திறந்தேன். சொல்ல வேண்டியது எம்புட்டோ இருந்தது. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிறகு அண்ணாச்சி ஆரம்பித்தார்.

“ஆண்டவரே, அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் எங்களக் காப்பாத்தும். டிரைவர்தான்னு நெனைக்கேன். ஆமென்.”

பியூலா சத்தமாக ஆமென் சொன்னாள். கிளம்பும்போது அவர் அந்தத் துப்பறியும் கதையை என் கையில் கொடுத்துவிட்டார். “நீயே கொண்டு போயிரு. இங்க கெடந்தா நான் கடைசிப் பக்கத்தப் பாத்துருவேன்.” அவர் தாடியைத் தடவிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து எங்களை ஏற்றிவிட்டார்.

இன்று சனிக்கிழமை. நாளைக்குப் போக வேண்டும். பியூலா திருப்பூர் போய்விட்டாள், ஆனாலும் போனில் கேட்பாளாம், சமையல்காரர் கட்சியை விட்டுக்கொடுக்க மாட்டாளாம். புத்தகம் என் மேசையில்தான் இருக்கிறது. முடிவு தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க உன்னால் முடிந்தது. என்னால் முடியாது என்று எனக்கே தெரியும். அதனால் கடைசிப் பக்கத்தை நானும் பார்க்கவில்லை. எந்தப் புத்தகத்தையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு ஒருவர் முன்னால் போய் உட்காருவதை விட்டுவிட்டேன். இன்னும் நூற்றுச் சொச்சம் பக்கம் இருக்கிறது. நிதானமாகத்தான் வாசிப்பேன்.