மக்களின் பெயரால் ஓர் உத்தரவு

ஸ்டோன்ஃபர்டு, மாசச்சூசெட்ஸ்
1776 ஆகஸ்ட் 26

அன்பு மகன் ஈனோஸுக்கு,

அம்மை நோயிலிருந்தும் எதிரியின் குண்டிலிருந்தும் ஆண்டவர் உன்னைக் காக்க வேண்டும் என்று தினமும் மன்றாடும் அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். இரண்டு மழைக்கு நடுவில் எப்படியோ புல்லை அறுத்துக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டோம். உப்புதான் எங்கேயும் கிடைக்கவில்லை. இந்த வருஷம் பன்றிக்கறியை எதில் ஊறப்போடுவது என்று அம்மா புலம்புகிறாள். உனக்கு இரண்டு ஜோடி காலுறை பின்னி, இந்தக் கடிதம் கொண்டுவருபவரிடமே கொடுத்திருக்கிறாள்.

இப்படியே காலுறையையும் உப்பையும் பற்றி எழுதித் தாளை நிரப்பிவிட ஆசையாக இருக்கிறது. சொல்ல வேண்டியது வேறு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆசா வீலக் பட்டாள முகாமில் உன் கையைப் பிடித்தபடி இறந்ததையும், அவன் மனைவி கெசியாவையும் இரண்டு குழந்தைகளையும் எங்கள் அப்பா பார்த்துக்கொள்வார் என்று நீ அவனுக்கு வாக்குக் கொடுத்ததையும் எழுதியிருந்தாய். உன் கடிதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை வந்தது. அன்றே பாதிரியாரையும் அழைத்துக்கொண்டு கெசியாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் காங்கிரஸின் சுதந்திர அறிக்கையைச் சபையில் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பாதிரியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், ஊர் எழுத்தர் என்ற முறையில் நான் வாசித்தேன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் குரல் உடைந்து அழுதுவிட்டேன். சபையே அழுதது. கெசியாவும் பின்வரிசையில் சின்னதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை அந்த அறிக்கையை ஊர்ப் புத்தகத்தில் எழுதி முடித்த கையோடு, காவலர் சைலஸ் ஆறு தாளைக் கையெழுத்துக்கு நீட்டினான். நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. வெளியூரிலிருந்து வந்தவர்கள் நொடித்துப்போனால் ஊர் சோறு போட வேண்டிவரும் என்று, பதினான்கு நாளில் ஊரைவிட்டுப் போ என ஒரு தாள் கொடுத்துவைப்போம். கொடுத்துவிட்டால் ஊருக்குப் பொறுப்பில்லை. யாரும் போவதுமில்லை, யாரும் துரத்துவதுமில்லை. நம் கொல்லனுக்கே இருபது வருஷத்துக்கு முன் கொடுத்தோம். இன்னும் இங்கேதான் லாடம் அடிக்கிறான்.

மூன்றாவது தாளில் கெசியாவின் பெயர். பட்டாளத்துக்கு ஆள் கேட்டபோது ஆசாவை நம் ஊர்க்காரன் என்று கணக்குக் காட்டியவர்கள் நாம்தான். சைலஸ், "புருஷன் போயிட்டான். குளிர்காலம் வந்தா நம்ம தலையிலதான் விடியும். சும்மா ஒரு காயிதம்தானே, போட்டுவிடுங்க ஐயா" என்றான். போட்டுவிட்டேன்.

பெயரைப் பார்க்காமல் போட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அது பொய். பார்த்தேன். உன் கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. தாள்களில் பழையபடி 'மன்னரின் பெயரால்' என்று அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு 'மக்களின் பெயரால்' என்று ஆறிலும் என் கையாலேயே எழுதினேன். எழுத்து அழகாக விழுந்திருக்கிறதா என்று தள்ளிவைத்துக்கூடப் பார்த்தேன், ஈனோஸ்.

கெசியா ஹட்சன் நதிப் பக்கத்துப் பெண். அவள் ஊரில் இந்த வழக்கம் கிடையாது. தாளில் இருந்ததை இருந்தபடியே எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் வீட்டைப் பெருக்கிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கப் போயிருக்கிறாள். அந்த அம்மா, "அடி பைத்தியம், இதுக்கெல்லாமா போவாங்க? அடுப்புல தூக்கிப் போடு" என்றாளாம். அதற்குக் கெசியா, "ஞாயித்துக்கிழமை எல்லாரு முன்னாலயும் அழுதாரே, அவரு கையெழுத்துங்க இது. அவரு பொய்யா எழுதுவாரு?" என்று கேட்டுவிட்டு, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாகக் கிளம்பிவிட்டாள்.

உன் அம்மா என்னை உட்காரவிடவில்லை. "வாசிச்சு ஊரையே அழவெச்சீங்க. அந்தக் கண்ணீரு திங்கக்கிழமைக்குள்ள காஞ்சிடுச்சா? போங்க, குதிரையைப் பூட்டுங்க" என்றாள்.

மூன்றாம் நாள், மேற்கே இருபது மைல் தள்ளி, ஒரு தோல் பதனிடும் கொட்டகையில் அவர்களைக் கண்டுபிடித்தேன். அந்த ஊர்க் காவலரும் அவளிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உன் அம்மா கொடுத்தனுப்பிய சோள ரொட்டியைக் குழந்தைகள் நின்றபடியே தின்றன. நான் பேச ஆரம்பித்தேன். உன் செலவு ஊர் தலையில் விழாமல் நான் பிணை நிற்கிறேன், நம் மாடி அறை உனக்குத்தான், வா என்றேன். இந்தப் பிணையை அந்தத் திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்திருக்கலாம். ஐந்து வரிதான்.

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகவே பேசினாள். "உங்க மேல வருத்தம் இல்லீங்க ஐயா. நீங்க சொல்றதுல எதை நம்பணும், எதை விடணும்னுதான் எனக்குத் தெரியல. உங்க மகன் எழுதட்டும், வரேன். அவரு கடைசிவரைக்கும் எங்க வீட்டுக்காரரு கையை விடாம இருந்தவரு" என்றாள்.

பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் பெயரில் போன உத்தரவை ரத்து செய்யச் சொல்லி ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன், என் தப்பையும் சொன்னேன். செய்துவிட்டார்கள். ஆனால் அவள் இன்னும் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறாள். இன்னும் ஐந்தாறு வாரத்தில் பனி விழ ஆரம்பித்துவிடும்.

ஆகையால் மகனே, அவளுக்கு எழுது. என்னை நம்பி வரச் சொல்லி எழுத உனக்கு மனம் வராவிட்டால், மனதில் இருப்பதையே எழுது. என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தை கூட்டாதே. எழுதி என் பெயருக்கு அனுப்பு. பிரிக்காமல் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு, படித்து முடிக்கும்வரை வெளியே நிற்கிறேன்.

ஆண்டவர் உன் உயிருக்கு ஒரு குறையும் வராமல் காக்கட்டும். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் வீட்டுக்கு வந்துவிடு.

அப்பா என்று எழுத இன்னும் எனக்கு உரிமை இருந்தால், உன் அப்பா,
ஜோத்தாம் டென்னி