எண்பது பேருக்கு ஒரு பலூன்

சிலிபின், ஈப்போ

அன்புள்ள கமருதீன் அண்ணனுக்கு நிரோஷா எழுதுவது. சிங்கப்பூரும் புது வேலையும் உங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதெல்லாம் படித்ததாகக் காட்டுகிறது, பதில்தான் வருவதில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். தாள் யாரையும் காட்டிக்கொடுக்காது.

நம் இளையோர் மனநல நிலையத்தில் ஒரு குறையும் இல்லை, பிள்ளைகளைப் போய்ப் பார்த்துக் கவனிக்கும் கேஸ் மேனேஜர்களைத் தவிர. உங்கள் நாற்பது பிள்ளைகளையும் என் நாற்பதோடு சேர்த்துவிட்டார்கள். தற்காலிகம்தான் என்று இயக்குநர் ஸ்கந்தராஜா போன தீபாவளிக்கு முன்பு சொன்னார். எண்பது பேரை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். மொத்தமாக நினைக்காதே, ஒவ்வொருவராக நினைத்துப் பார் என்றார். நினைத்துப் பார்க்கத்தான் முடிகிறது, போய்ப் பார்க்க முடிவதில்லை.

ஆள் கேட்டோம். ஊழியர் மனநல நாள் கொடுத்தார்கள். கட்டாயம் வரவேண்டுமாம். ஓட்டல் மண்டபத்தில் எங்கள் கைப்பேசிகளைக் கூடையில் வாங்கி வைத்துக்கொண்டு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தார்கள். மனபாரத்தைப் பலூனில் எழுதி உடைக்கச் சொன்னார்கள். எண்பது பெயர் கொள்ளவில்லை. இன்னொன்று கேட்டேன். ஆளுக்கு ஒன்றுதானாம்.

சிம்பாங் பூலாய் பக்கத்துப் பழைய தோட்டத்தில் உங்கள் நாற்பதில் ஒருவனான தனேஷை நான் பார்க்கப் போகவேண்டிய நாள் அது. ஏற்கெனவே தள்ளிப்போட்ட சந்திப்பு. மத்தியானம் முழுக்க அவன் அந்தக் கூடைக்குள் கூப்பிட்டிருக்கிறான். மாலையில் கைப்பேசி என் கைக்கு வந்தபோது, தன்னைக் காயப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. இப்போது தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

அவன் அம்மா நவமணி அக்கா என்னைத் திட்டவில்லை. ஒங்களுக்கு மனசு சரியில்லன்னு லீவு குடுத்தாங்களாம்லா, இப்ப பரவால்லயாம்மா என்று அக்கறையாகக் கேட்டார். திட்டியிருக்கலாம்.

அறிக்கையில் ஆள் பற்றாக்குறை என்று எழுதினேன். அது எதிர்மறையாக இருக்கிறது, நேர நிர்வாகம் என்று மாற்று என்றார் இயக்குநர். மாற்றவில்லை. அவரே மாற்றிக்கொண்டார்.

நேற்று தனேஷைப் பார்த்தேன். நான் சும்மா சும்மா போன் போட்டு தொல்ல குடுத்து கச்சாவ் பண்ணேன், அதான் அண்ணே ஓடிட்டாருலா என்றான். இல்லை என்றேன். நம்பவில்லை. என்னை அவன் எதற்காக நம்பவேண்டும்?

நீங்கள் போனதில் எனக்குக் கோபம் உண்டு, அண்ணே. அதில் இருக்கும் நியாயமும் தெரியும். அதெல்லாம் நமக்குள். சனிக்கிழமை மாலை நான் அவன் பக்கத்தில் இருப்பேன். என் எண்ணுக்கு அழைத்து, நீங்கள் போனது அவனால் இல்லை என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள்.

அல்லா உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும். அங்கே உங்கள் பொறுப்பில் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லவேண்டாம். அது தெரிந்து நானும் கிளம்பிவிடாமலிருப்பதுதான் தனேஷுக்கு நல்லது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
நிரோஷா