எழுதிக் கொடுத்த மனையில் கட்டச் சொன்ன வீடு

கடலூர் முதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நசீருக்கு அத்தா ஜமாலுதீன் சொல்லச் சொல்ல, தங்கச்சி அல்மாஸ் எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம், குவைத்து வெயில்ல நீயும் உடம்ப பாத்துக்கிட்டு சுகமா இருக்கணும்னு தினமும் துஆ செய்யுறோம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் போட்டிருக்காங்க, பத்து நாளைக்கு எழுதப் படிக்கக் கூடாதாம், அதான் இவ கையெழுத்து. (அண்ணே, அத்தாவால இதைப் படிச்சுப் பாக்க முடியாது. அதனால அடைப்புக்குறிக்குள்ள பூரா என் ஆட்சி. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரு, இவரு கருவாட்டைக் கூட்டிட்டாரு.) மழைக்குக் கொல்லைச் சுவர் கொஞ்சம் சாஞ்சிருக்கு, ஆள் சொல்லியிருக்கேன்.

போன வெள்ளிக்கிழமை நீ சிதம்பரத்து வீட்டுப் பத்திரம் இப்ப யார் பேர்லன்னு கேட்ட, நான் சிக்னல் இல்லன்னு சொல்லி வச்சுட்டேன். (சிக்னல் ஃபுல்லா இருந்துச்சு, நான் சாட்சி.) அந்த வீடு இப்ப நிக்குற, அம்மா தையல்ல சம்பாதிச்சு வாங்கின புவனகிரி ரோட்டு மனைய, அல்மாஸுக்குன்னு ஆறு வருஷம் முந்தி ரெண்டு சாட்சி வச்சு வசியத்து எழுதினது உனக்குத் தெரியும், உயில்னு சொல்றோமே அதான். சிநேகிதி விட்டுட்டுப் போன இவளை ரெண்டு வயசுல அம்மா தூக்கிட்டு வந்து வளத்தா, ஆனா வளத்த புள்ளைக்கு நம்ம சட்டத்துல பங்கு கிடையாது, எழுதி வச்சாத்தான் உண்டு, அதுவும் மொத்தத்துல மூணுல ஒரு பாகத்துக்குள்ள. மனை அதுக்குள்ள அடங்குச்சு. தையல் மெஷின், அம்மாகூட வேலை பாத்த ஜெயராணிக்கு. (மெஷின் போயிடுச்சு, கத்திரிக்கோல் மட்டும் என்கிட்ட.) அம்மா மவுத்தாகி நாலு மாசம் ஆச்சேன்னு, பேர் மாத்த சிதம்பரத்துல வக்கீல் அறிவழகனைப் பாத்தேன். காசு வேணாம்னுட்டாரு. (பீஸ் வாங்காத வக்கீல் பேப்பரைப் பீஸ் பீஸா ஆக்கிடுவாரு, பாத்துக்க.)

அவர் ரெண்டு தடவை படிச்சுட்டு, எழுதினப்ப அது வெறும் மனையான்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்புறம் யாரு வீடு கட்டினதுன்னாரு. அம்மாதான், ரெண்டு வருஷம் முந்தின்னேன். வெறும் மனைய ஒருத்தருக்கு எழுதி வச்சுட்டு, எழுதினவங்களே அது மேல வீடு கட்டினா, குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டதாத்தான் நம்ம சட்டம் வச்சுக்குமாம். கிழிக்க வேணாம், ரத்துன்னு ஒரு வார்த்தை எழுத வேணாம், செங்கல் வச்சாலே போதுமாம். அந்தப் புள்ளைக்காகத்தானய்யா கட்டுனா அப்படின்னேன். "கட்டினப்புறம் ஒரு வரி புதுசா எழுதியிருந்தா போதுமே பாய்" அப்படின்னாரு.

நசீரு, கட்டச் சொன்னது நான். வெறும் மனையா குடுத்தா புள்ள என்ன செய்யும், ரெண்டு ரூமு போடுன்னு நான்தான் ஓயாம சொன்னேன். காங்கிரீட் போட்ட அன்னிக்கு, பழைய பேப்பர் போதுமாங்கன்னு அம்மா கேட்டா. வீடே நிக்குது, பேப்பர் என்னத்துக்குன்னு சிரிச்சேன். அவ மறுபடி கேக்கல. இப்ப அந்த வீடு நாலுல ஒரு பங்கு எனக்கு, மூணு பங்கு உனக்கு. எனக்கு வந்ததை அல்மாஸுக்கு எழுதப் போறேன். உன் பங்கு உன்னோடது. நீ எதுக்குக் கேட்டேன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் தைரியம் வரல. இதை இவகிட்ட நேரா சொல்லவும் வாய் வரல, அதான் உனக்குச் சொல்ற சாக்குல இவளை எழுத வச்சேன். எழுதுறத நிறுத்திட்டா. எழுதும்மான்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன்.

அல்லா உனக்கு நிறைஞ்ச ஆயுசும் நிம்மதியும் தரட்டும். பாஸ்போர்ட் பிப்ரவரியோட முடியுது, மறக்காத. இதுக்கு பதில் போன்ல வேணாம், எழுதியே போடு.

இப்படிக்கு,
உன் அத்தா,
கா. ஜமாலுதீன்

(அண்ணே, தபால்ல போட வேண்டியது நான். போடாமலே விட்டுடலாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். அத்தா பொய் சொல்லி போனை வச்சது போதும், நானும் மறைக்க வேணாம்னு போடுறேன். கத்திரிக்கோலை ஜெயராணி அக்காகிட்ட குடுத்துட்டேன். அது மெஷினோட சேர்ந்தது.)