காலையில் வரும் ‘நல்லா இருக்கேன்’

கோட்டூர்புரம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஜுவேரியாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகமாக இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை ரெஹானும் சுகமா என்று கேட்பது கடிதம் எழுதுகிறவனின் பழக்கம், ஆனால் இந்தத் தடவை பழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்று கேட்கிறேன். ஃபோன் இருக்கும்போது அத்தாவுக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். ஃபோனில் போட்டால் அதை நீ படிக்கிறாயா, நீ செய்து வைத்திருக்கும் ஏற்பாடு படிக்கிறதா என்று எனக்கு இப்போது தெரிவதில்லை. பக்கத்து பிளாக் அக்பர் பாஷாவின் மருமகன் உன் ஊர் டப்ளினுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மழை விட்டுவிட்டது, ஆற்று நாற்றம் மட்டும் விடவில்லை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, லிஃப்ட் வேலை செய்கிற நாளில் நானும் வேலை செய்கிறேன். உன் அம்மா போன பிறகு வீட்டில் சத்தம் என்றால் குக்கர் சத்தமும் உன் தையல் சேனலுக்கு வரும் செய்திகளின் டிங் டிங்கும்தான். சாப்பிட்டுவிட்டு நூலகத்துக்குப் போய் ஏசியில் உட்கார்ந்து உன் ஃபாலோயர்களுக்குப் பதில் எழுதுகிறேன். முதலில் நீ தானாகப் பேசும் மெஷினையே பதில் சொல்ல விட்டிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அம்மா இறந்துவிட்டார், இனிமேல் தைக்க மனசே வராது என்று ஒரு பெண் எழுத, அருமை தோழி, தொடர்ந்து இணைந்திருங்கள் என்று இதயம் போட்டுப் பதில் போனது. அந்தப் பெண் அதைப் படம் எடுத்து ஊரெல்லாம் காட்ட, ஆட்கள் கூட்டமாகக் கழன்றுகொண்டார்கள். நீ அழுதுகொண்டே கூப்பிட்டு, அத்தா, நீங்கள் தி.நகரில் பிளவுஸ் துணி மேட்சிங் சென்டர் வைத்திருந்தவர், பொம்பளைங்களிடம் பேசத் தெரிந்தவர், என் பேரில் நீங்களே எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள் என்றாய். எனக்கு அது பெரிய உபகாரம் கண்ணு, உனக்கு நான் செய்வதாக நீ நினைத்தாய்.

கடையில் நான் என்ன செய்தேனோ அதையேதான் இதிலும் செய்கிறேன். புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்காமல் ஒரு லைனிங் துணிகூட வெட்டியதில்லை. இப்போது படம் அனுப்புகிறவர்களிடம், டியூப்லைட்டில் எடுத்த படம் வேண்டாம், ஜன்னலோரம் வைத்து எடுங்கள் என்கிறேன். வடபழனியில் ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்குப் பிளவுஸ் தைத்து முடிக்கும்வரை தினமும் என்னிடம் புலம்பினார்கள். அக்கா, உங்களுக்குத்தான் எவ்ளோ பொறுமை என்று எழுதுகிறார்கள். இந்த நரைத்த தாடி அக்காவுக்கு வெட்கமாக இருக்கிறது. உன் கூட்டம் திரும்பி வந்துவிட்டது, முன்னைவிடக் கூடியும் இருக்கிறது. சந்தோஷம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தினமும் விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்தால் ஃபோனில் உன் செய்தி இருக்கும். அத்தா, நான் நல்லா இருக்கேன், நீங்க மாத்திரை போட்டீங்களா என்று இருக்கும். சில நாள் தூங்கினீங்களா, சில நாள் சாப்பிட்டீங்களா. நானும் மாத்திரை பெயர், தூக்கம், கொத்தமல்லி விலை வரை பதில் போடுவேன். அங்கே நடுராத்திரியாக இருக்குமே, கண் விழித்து அப்பனை விசாரிக்கிறதே பிள்ளை என்று நெஞ்சு நிறைந்துபோகும். அக்பர் பாஷாவிடம் காட்டாத நாள் இல்லை. அவன் பிள்ளைகள் பெருநாளைக்குக் கூடக் கூப்பிடுவதில்லை, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே காட்டினேன். அவனும், இன்னாபா ஃபாரூக், உன் பொண்ணு வுடாம கேட்டுக்கினே கீதே, குடுத்து வச்சவன்பா நீ என்பான்.

போன வாரம் உன் சேனலுக்கு அனு என்ற பெண் எழுதியிருந்தாள். நம் கொட்டிவாக்கத்து மீன்காரக் குடும்பத்துப் பெண்தான், உன் ஊரில்தான் இருக்கிறாளாம். அக்கா, ஆபரேஷன் பண்ண எடம் இப்ப எப்டி கீது, வலி கொறஞ்சுதா, நாளைக்கும் கஞ்சி எடுத்தாரட்டா என்று கேட்டிருந்தாள். நூலகத்தில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தேன். உன் பேரில் பதில் எழுத வேண்டியவன் நான். இப்போது பரவாயில்லை என்று பாதி தட்டிவிட்டேன், பிறகு அழித்தேன். எனக்கே தெரியாத உன் வலியைப் பரவாயில்லை என்று நான் எப்படிச் சொல்வது? கடைசியில், நான் ஜுவேரியா இல்லைம்மா, அவளுடைய அத்தா, என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்தப் பிள்ளை உடனே கூப்பிட்டது. பித்தப்பையில் கல் முற்றி, திடீரென்று கொண்டுபோய்ச் சேர்த்து, அறுத்து எடுத்தார்கள் என்று அதுதான் சொன்னது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். நீங்க பதறுவீங்கன்னுதான் மாமா சொல்லல, காலைல போற மெசேஜ் தானாகவே போய்க்கிட்டு இருக்கு, அதனால பயமில்லன்னு ஜுவேரியாதான் சொன்னா என்றார்.

உன்னைக் கத்தியின் கீழே படுக்க வைத்திருந்த அன்று காலையிலும் எனக்கு வந்தது, நான் நல்லா இருக்கேன் என்று. நான் அதைப் படித்துவிட்டு ஆப்பம் வாங்கப் போனேன். ஊராருக்கு ஆகாது என்று நீயே எடுத்து எறிந்த அந்த மெஷினை அத்தாவுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், கோபம் இருக்கிறது. வேலை, வீடு, வீடியோ என்று உனக்கு நேரமில்லை, அதுவும் தெரிகிறது. இதில் வெட்கம் கெட்டவன் நான்தான், எல்லாம் தெரிந்த பிறகும் அதற்குப் பதில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போடாவிட்டால் அன்றைக்கு யாரோடும் பேசாத மாதிரி இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமான எதையும் தூக்காதே, எண்ணெய்ப் பலகாரம் பக்கம் போகாதே, தையல் மெஷினில் குனிந்து உட்காராதே, வீடியோ காத்திருக்கட்டும், உன் ஃபாலோயர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அனுவுக்கு நம் வீட்டுச் சார்பில் நல்ல புடவை ஒன்று எடுத்துக் கொடு. அல்லாஹ் உனக்கு ஆஃபியத்தையும் உடல் சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், மாப்பிள்ளைக்கும் என் துஆவைச் சொல்.

ஒன்றே ஒன்று மறக்காதே. அந்தக் காலைச் செய்தியை நிறுத்திவிடு. உன்னால் முடிந்த அன்று ஒரு வரி நீயே போடு, மாசத்துக்கு ஒன்றானாலும் சரி. முடியாத நாளில் ஒன்றும் வர வேண்டாம். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று நான் பதறிவிட்டுப் போகிறேன். பெற்றவனுக்கு அதையாவது விட்டு வை.

உன் அன்பு அத்தா,
உமர் ஃபாரூக்