கழுத்துப் பட்டியில் ஜப்பான் லேபிள்

தை 11, ஞாயிறு

ஜப்பான் பாணி லோலிடா ஃப்ராக் போடுகிறவர்கள் ஐந்து பேர் இன்று தேனியில் கூடினோம். குடைபோல் விரியும் பாவாடை, அடுக்கடுக்காக ஃப்ரில், லேஸ். என்னுடையது கம்பத்தில் என் மிஷினில் நானே தைத்தது. ஆனால் கிழிந்துபோன பழைய ஜப்பான் ஃப்ராக்கின் லேபிளை வெட்டி இதன் கழுத்தில் தைத்திருந்தேன். போன தடவை ஒருத்தி "வீட்டுத் தையலா?" என்று கேட்ட விதம் அப்படி.

ஆண்டிபட்டி செல்வி முதல்முறையாக வந்திருந்தாள், சொந்தமாகத் தைத்த ஃப்ராக்கில். என் லேபிளைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உள்பக்கம் கொஞ்சம் காட்டுங்க. கம்பெனிக்காரவுக ஃப்ரில்லுக்குச் சுருக்கம் எப்படி வச்சிருக்காகன்னு பாத்துக்கிறேன்."

காட்டினேன். ஃப்ரில்லை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நம்ம கைக்கு இதெல்லாம் வராதுக்கா. இனிமே நான் தைக்க மாட்டேன்."

அந்தச் சுருக்கத்தை வைத்தது என் கை. ஃப்ரில்லைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் லேபிளைப் பிரித்துவிட்டேன். வெறும் கழுத்தைப் படம் எடுத்து, அதன் கீழே செல்விக்கு எழுதினேன்: "நான் தச்சதுதான் செல்வி. நாலு தடவ பிரிச்சேன், அஞ்சாவதாத்தான் வந்துச்சு."

இன்னும் அனுப்பவில்லை.