மெக்கே வீட்டுப் பங்காளி

அன்புக்கும், அதைவிட அதிகமான கோபத்துக்கும் உரிய என் மச்சான் வில்ஃப்ரட் மெக்கேக்கு,

குவைத் மங்காஃபிலிருந்து உன் டிரைவர் செல்லையா எழுதுவது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உனக்குத் தெரிந்த தமிழ் ‘மச்சான்’, ‘போதும்’, ‘இன்னும் கொஞ்சம் குழம்பு’, அவ்வளவுதான். பரவாயில்லை. செத்தவர்களுக்கு எல்லா பாஷையும் விளங்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. இல்லாவிட்டாலும் இன்றிலிருந்து நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

இதை நம்ம ஆட்கள் போடும் பொங்கல் மலரில் அச்சடிக்கப் போகிறார்கள். முன்னே ஒரு தடவை நான் எழுதியதைப் படித்துவிட்டு ஃபஹாஹீல் மார்க்கெட்டே அழுதது. அதனால் உன்னைத் தெரியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போகிறேன். குறுக்கே சிரிக்காதே.

நீ கனடாக்காரன். பைப் லைன் வெல்டிங் இன்ஸ்பெக்டர். எக்ஸ்ரே படமே வேண்டாம், வெறும் கண்ணால் பார்த்து உள்ளே இருக்கும் ஓட்டையைச் சொல்லிவிடுவாய். குவைத்தில் பாதி எண்ணெய் கசியாமல் இருப்பது உன்னால்தான். மீதிப் பாதி, உன்னை நேரத்துக்கு சைட்டில் கொண்டுபோய் இறக்கிய என்னால்.

உன்னை அழைத்துவர ஏர்போர்ட்டுக்கு வந்த நாளை மறக்க முடியுமா? மெக்கே என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் நிறத்தில், என் உயரத்தில், முதுகில் ஒரு பின்னலோடு ஒரு ஆள் வந்து அட்டைக்கு நேராக நிற்கிறான். “நகருங்க பாய், வெள்ளைக்காரர் வர்றாரு” என்று இந்தியில் விரட்டினேன். நீ நகரவில்லை. “அந்த வெள்ளைக்காரன் செத்து ரொம்ப நாளாச்சு, நான்தான் மிச்சம்” என்றாய். நீ சொன்னது இங்கிலீஷில். இந்தக் கடிதத்தில் எல்லோரும் புதுக்கோட்டைத் தமிழ்தான் பேசுவார்கள், எனக்கு அதுதான் வசதி.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் உங்களைச் செவ்விந்தியர் என்று போட்டிருந்தது. சிவப்பு எங்கே என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வண்டி ஓட்டினேன். “அப்படிச் சொல்லாத மச்சான், ‘கிரீ’ன்னு சொல்லு. அதுதான் எங்க ஆளுங்க பேரு” என்றாய். சரி, கிரீ. கிரீக்காரனுக்கு எப்படிய்யா ஸ்காட்லாந்துக்காரன் பெயர் வந்தது?

அதையும் அந்த வண்டியில்தான் சொன்னாய். உன் முப்பாட்டனுக்கும் முந்தின ஒருத்தன், தோல் வியாபாரக் கம்பெனியில் கணக்குப்பிள்ளையாக ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்திருக்கிறான். அவன் போட்டுவந்த பூட்ஸ் உங்கள் ஊர்க் குளிருக்கு ஒரு வாரம் தாங்கவில்லை. கால் விரல் கறுக்க ஆரம்பித்ததும் உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி மான் தோலில் செருப்பு தைத்துக் கொடுத்திருக்கிறாள். அவளையே கட்டிக்கொண்டான். பிள்ளைகள் பிறந்தன. பிறகு ஒருநாள், லீவுக்குப் போவதுபோல் ஊருக்குப் போனான். போனவன் போனவன்தான். பெயர் மட்டும் உங்களிடம் தங்கிவிட்டது.

எனக்கு இது புதுசா? எங்கள் பக்கத்தில் பர்மா போனவர்கள், மலேயா போனவர்கள் எத்தனை பேர் அங்கே ஒரு குடும்பத்தை வைத்துவிட்டு, இங்கே வந்து புது மாப்பிள்ளையாக மணமேடை ஏறினார்கள். அந்தப் பிள்ளைகளும் எங்கேயோ எங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டுதான் இருக்கும்.

ஆறு மாதம் கழித்து சைட்டுக்கு சேஃப்டி ஆபீசராக ஒருத்தன் வந்தான். பெயர் ஈவன் மெக்கே. சுத்தமான ஸ்காட்லாந்துக்காரன். முதல் நாள் வெயிலிலேயே வெந்த இறால் மாதிரி ஆகிவிட்டதால் சைட்டில் அவனுக்குச் சிவத்த மெக்கே என்று பெயர். உன்னை முன் சீட்டிலும் அவனைப் பின் சீட்டிலும் உட்காரவைத்து, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் நான் தீர்ப்பே சொல்லிவிட்டேன். “ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுப் பேரு. அப்ப நீங்க பங்காளி. கை குடுத்துக்கங்க.”

சிவத்தவன் என்ன சொன்னான்? “எங்க வடக்குப் பக்கம் கல்லை எறிஞ்சா ஒரு மெக்கே மேலதான் விழும். அவனெல்லாம் எனக்கு உறவா?” என்றான். அதோடு விட்டானா? “ஆடு மேய்க்க இடம் வேணும்னு எங்களையே பண்ணையார் வீட்டை விட்டு வெரட்டினான். கூரையைக் கொளுத்தினான். கப்பல்ல ஏறினவங்க பஞ்சப் பராரிங்க. அவங்க போய் யாரை என்ன பண்ணியிருக்க முடியும்?”

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வெரட்டினது நெசம். ஆனா நீங்க வந்து எறங்குன எடம் காலியா இல்ல. அங்க நாங்க இருந்தோம்” என்றாய்.

இதுதான் சமயம் என்று நான் கண்ணைக் காட்டுகிறேன், தொடையில் கிள்ளுகிறேன், ஒரு போடு போடுவாய் என்று பார்த்தால்… “விடு மச்சான், வண்டியை எடு” என்றாய். அட, விடுவதற்கா நான் பஞ்சாயத்து வைத்தேன்? உன்னோடு எனக்கு இதே ரோதனை. எதையும் கேட்க மாட்டாய். கேட்டு வாங்கினால் அது உறவு இல்லை என்று ஒரு பேச்சு வேறு.

அப்புறம் பார்த்தால் வெள்ளிக்கிழமை ஆனால் ரெண்டு பேரும் ஃபஹாஹீல் கடற்கரையில் ஒரே பாறையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் பிடித்த ஹமூர் மீன் என் இடுப்பு உயரம் இருந்ததே, அதற்கு நீதான் சாட்சி, நீயும் போய்விட்டாய். தூண்டில் போடுவதற்கு முன்னால் ஒரு முழு சிகரெட்டைப் பிய்த்துத் தூளைத் தண்ணீரில் போடுவாய். எனக்கு வயிறு எரியும். சிவத்தவன் ஏன் என்று கேட்டான். “எடுக்கறதுக்கு முன்னாடி குடுக்கணும்” என்றாய். இரண்டு வருஷம் ஒரே சட்டியில் என் மீன்குழம்பைத் தின்றீர்கள். ஆனால் பங்காளி என்ற அந்த ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததா? வரவில்லை.

அப்புறம் நீ செய்த வேலைதான் பெரிய வேலை. காலையில் டியூட்டிக்கு ஹாரன் அடிக்கிறேன், அடிக்கிறேன், நீ இறங்கி வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். முந்தின நாள் வண்டியில் நெஞ்சைத் தடவிக்கொண்டாயே, வாயைத் திறந்து சொல்வதற்கென்ன? அதையும் கேட்டால்தான் சொல்வாயோ?

உன் அக்காவுக்கு நான்தான் போன் போட்டேன். அழவில்லை அந்த அம்மா. “அவனைத் தனியா விடாதீங்க. பிளேன் ஏத்துற வரைக்கும் எங்க ஆளு யாராவது பக்கத்துல உக்காரணும்” என்றது. உங்க ஆளுக்கு நான் குவைத்தில் எங்கே போவேன்?

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் எகிப்துக்கார வாட்ச்மேன். சொந்தக்காரன் மட்டும்தான் உள்ளே என்கிறான். நான் அவனோடு அரபியில் ஒரு மணி நேரம் வாதாடினேன். எங்கள் பில்டிங்குக்குக் கீழே பக்காலா, அதான் மளிகைக்கடை, வைத்திருக்கும் சாகுல் பாய் கூட வந்திருந்தார். அவரைக் கேட்டால் ரெண்டு நிமிஷம் என்பார், அவரிடம் வாட்ச் கிடையாது. நான் மச்சான் முறை என்றேன். வாட்ச்மேன் என் சிவில் ஐடியைப் பார்த்தான், உன் பெயரைப் பார்த்தான், “மாஃபி, மாஃபி” என்று, கிடையாது என்று, கையை ஆட்டிவிட்டான்.

அப்போது என் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சிவத்தவன் நிற்கிறான். வாட்ச்மேன் அவன் கார்டை வாங்கினான். மெக்கே. உள்ளே கிடப்பவனும் மெக்கே. “இப்னு அம்?” என்று கேட்டான்.

சிவத்தவன் என்னைப் பார்த்தான். “என்ன கேக்குறான்?”

“நான் ரெண்டு வருசமா கேட்டதைத்தான் கேக்குறான். சித்தப்பா பெரியப்பா மகனா, பங்காளியான்னு கேக்குறான். ஆமான்னா கதவைத் திறப்பான். இல்லைன்னா வில்ஃப்ரட் ஒத்தையில கெடப்பான். உன் இஷ்டம்.”

அவன் கழுத்துவரை சிவந்தது. வெயில் இல்லை, அது உள்ளே இருந்து வந்த சிவப்பு. “ஐவா” என்றான், ஆமாம் என்று. அவன் சொன்னது பொய்யா நிஜமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. உன்னை வெளியே எடுக்கும்வரை அந்தக் குளிரில் நாற்காலியை விட்டு எழவில்லை. நானும் பாயும் வாசலிலேயே நின்றோம்.

திரும்பும்போது பின் சீட்டில் ஏறாமல் உன் சீட்டில் உட்கார்ந்தான். மங்காஃப் ரவுண்டானா தாண்டியதும் தானாகப் பேசினான். அவன் அம்மா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு ஜோடி தோல் செருப்பு இருக்கிறதாம், பாசிமணி தைத்தது. அவர்கள் வம்சத்தில் யாரோ ஒருத்தன் கனடாவில் கட்டை பிரம்மச்சாரியாக இருந்துவிட்டு வந்தபோது ஞாபகத்துக்குக் கடையில் வாங்கியதாம். “சின்னச் செருப்பு” என்றான். “குழந்தை போடறது.”

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். “கல்யாணம் ஆகாதவனுக்குக் குழந்தைச் செருப்பு எதுக்குய்யா?”

மச்சான், இதற்குப் பிறகும் அந்த ஆள் ஒரு வருஷம் இழுத்தான். ஒரு வருஷம்! வெள்ளிக்கிழமை தவறாமல் பக்காலா வாசலில் வந்து உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டு, அது கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும், அம்மா அப்படித்தான் சொல்கிறாள், மெக்கே ஆயிரம் பேர் இருக்கிறான் என்று அரைத்த மாவையே அரைப்பான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். ஒருநாள் அவன் வாய் தவறி, அடித்தோல் குதிகால் பக்கம் தேய்ந்திருக்கும் என்று சொன்னான். சாகுல் பாய் கல்லாவிலிருந்து தலையை நீட்டி, “ஓய், எந்தக் கடையிலவே புள்ள நடந்து தேஞ்ச செருப்ப விக்கிறான்?” என்று கேட்டார். சிவத்தவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன வாரம் லீவு முடிந்து வந்தான். பக்காலாவில் அரிசி மூட்டை மேல் ஒரு கம்பளித் தொப்பியை வைத்துப் பிரித்தான். உள்ளே அந்தச் செருப்பு. என் உள்ளங்கையில் அடங்கிவிடும். பூப்போல மணி தைத்து, நாலைந்து மணி உதிர்ந்து. குதிகாலில் தேய்ந்த இடம் வழவழ என்று இருந்தது. அது உன் வீட்டுப் பிள்ளை போட்டது என்று நான் அடித்துச் சொல்கிறேன். ஆதாரம் கிடையாது. நான் சொன்னால் போதாதா?

“இதை அவங்க அக்காகிட்ட குடுக்கலாம்னு இருக்கேன். மூஞ்சில எறிஞ்சா என்ன பண்றது?” என்றான்.

“எறிஞ்சா வாங்கிக்க. பங்காளி வீட்டுல பேச்சு வாங்காதவன் எவன் இருக்கான்?” என்று சொல்லி, அவன் மனசு மாறுவதற்குள் நானே உன் அக்காவுக்குப் போன் போட்டு அவன் காதில் வைத்துவிட்டேன்.

திக்கித் திக்கிச் சொன்னான். பெயரைச் சொன்னான், செருப்பைச் சொன்னான், “நாங்க உங்க உறவா இருக்கலாம்னு நெனைக்கிறேன்” என்றான். லைன் போய்விட்டதோ என்று நான் போனைத் தட்டினேன். அப்புறம் அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டது. சிவத்தவன் தன் பூட்ஸையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணெல்லாம் தண்ணீர்.

“என்னய்யா கேட்டுச்சு?”

“வரப்போறது குளிர்காலம்… உன் கால் அளவு என்னன்னு கேக்குறாங்க.”

கேட்டாயா மச்சான்? ஒருத்தனுக்குத் தைத்துக் கொடுத்து, அவன் அதை மாட்டிக்கொண்டு ஓடிப்போய், இத்தனை தலைமுறை கழித்து அவன் வீட்டு ஆள் வருகிறான் என்றதும் திரும்பவும் செருப்பு! உங்கள் ஆட்களுக்குப் புத்தியே வராதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் பாயிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மூக்கைத் துடைத்தேன்.

வியாழக்கிழமை அவனுக்குக் கனடாவுக்குப் பிளேன். நானே ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகிறேன். அவன் உள்ளே போகிறவரை, உன்னை விரட்டினேனே, அதே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பி வந்தால் அந்தத் தொப்பியாலேயே அடித்து உள்ளே அனுப்புவேன். இது சத்தியம். நேற்று நம்ம பாறைக்குப் போய் நானும் உனக்காக ஒரு சிகரெட்டைப் பிய்த்துப் போட்டேன். பாதிதான் போட்டேன், மீதியை நான் பிடித்தேன். அவன் உங்கள் வீட்டு வாசலை மிதித்துவிட்டான் என்று போன் வரட்டும், அன்றைக்கு முழுசாகப் போடுகிறேன்.

இப்படிக்கு,
சைட்டில் உன் டிரைவர், வண்டிக்குள் உன் மச்சான்,
பங்காளியைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை ஓயாத
செல்லையா