பச்சை ஸ்டிக்கர்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்கும் அழுதுவிட்டார். டிவி பாட்டுப் போட்டி நடுவரைச் சொல்கிறேன். போன வாரம் அழுத அதே கண், அதே கைக்குட்டை. அந்தப் பிள்ளை சுருதி விலகிப் பாடியதற்கு நான்தான் அழுதிருக்க வேண்டும். இவர் எதற்கு அழுகிறார்?

பஸ் ஒரகடம் பாலம் ஏறுவதற்குள் இதை எழுதி ‘ஜன்னல் சீட்’டில் போட்டுவிட்டேன். 412 பேர் பார்க்கிற இன்ஸ்டா பக்கம். யார் நடத்துவது என்று ஒருவருக்கும் தெரியாது. முகம் கிடையாது, குரல் கிடையாது. கம்பெனிக்குள் நுழையும்போது செக்யூரிட்டி எல்லோருடைய போன் கேமரா மேலும் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். வெளியே வந்ததும் மற்றவர்கள் உரித்துப் போட்டுவிடுவார்கள். நான் ஹாஸ்டல் போகிறவரைக்கும் விட்டுவைப்பேன். அதன் வழியாகத் தெரிகிற மங்கலான பச்சையைப் பத்து விநாடி எடுத்து, மேலே என் கருத்து. அவ்வளவுதான் என் பக்கம்.

லைனில் வாய் திறக்காதவள் மாரிசெல்வி. காருக்குப் போகிற வயரைப் போர்டில் வைத்துக் கட்டினோமா, டேப்பைச் சுற்றினோமா என்று இருப்பேன். பேச்செல்லாம் இந்தப் பத்து விநாடிக்குத்தான்.

பிப்ரவரி 5, வியாழன்

ஷாரோன் எனக்குப் பக்கத்துப் போர்டில் நிற்பவள். வடக்குப்பட்டுக்காரி. சர்ச்சில் பாடுகிறவள், காது சுத்தம். கேன்டீனில் ஏதோ புதுப் பாட்டு ஓடியது. சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “மூச்சே வாங்கலக்கா. மனுசன் பாட்னா மூச்சு வாங்க வாணாம்? மெஷின் பாடிகினு கீது.”

அதைத் திருத்தமான தமிழாக்கி சாயங்காலம் போட்டேன். 61 லைக். என் பக்கத்தில் வந்த நல்ல வரிகளில் பாதி அவள் வாயிலிருந்து வந்தவைதான். ஒரு நாளும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் பக்கம் என்னுடையது என்று சொல்ல வேண்டிவரும். ஷாரோனால் எதையும் மெதுவாகப் பேச முடியாது. இசக்கிதுரை அண்ணன் காதுக்குப் போகும். அவர் எங்கள் லைன் லீடர், ஊர்க்காரர், எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர், என் அண்ணனோடு தினமும் பேசுகிறவர். பொம்பளப்பிள்ளை இன்டர்நெட்டில் சினிமாக்காரர்களைக் கிண்டலடிக்கிறாள் என்று வீட்டுக்குத் தெரிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

திருட்டா இது? அவள் சும்மாதானே சொல்லிவிட்டுப் போகிறாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பாடகர் ரிதனும் அவர் மனைவி நந்திகாவும் பிரிந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்று அவர் அதைப் பற்றியே ஒரு பாட்டு விட்டிருக்கிறார். ஹாஸ்டல் முழுக்க அதுதான். என் அறையில் இருக்கும் செந்தாமரை காலையிலிருந்து பதினோரு தடவை போட்டுவிட்டாள். அவளும் எங்கள் கம்பெனிதான். போனைத் திறந்தாலே ரிதன்தான் தெரிவார்.

மெட்டு நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஒற்றை வயலின் வருகிற இடத்தை நானே இரண்டாம் தடவை வைத்துக் கேட்டேன். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. கடற்கரைத் தெரு, மஞ்சள் கேட், மாடியில் சலங்கைச் சத்தம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அது நந்திகா நடத்தும் நடனப் பள்ளி என்று மத்தியானத்துக்குள் ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சாயங்காலம் அந்த மஞ்சள் கேட்டில் கறுப்பு பெயின்ட்டால் கெட்ட வார்த்தை எழுதியிருந்த போட்டோ வந்தது. ரிதன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. உடைந்த இதய எமோஜி ஒன்று போட்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

கேன்டீனில் அதே பாட்டு. ஷாரோன் நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: “இவுரு அழுதுகினு கீறாரா, இல்ல அட்ரஸ் குட்த்துகினு கீறாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மேஜையில் இசக்கிதுரை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ரிதன் ரசிகர் மன்றத்துக்கு ஒரகடம் பகுதித் தலைவர் அவர்தான்.

பஸ்ஸில் போட்டேன். “இவர் அழுகிறாரா, அட்ரஸ் கொடுக்கிறாரா?” இதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்! யாரோ ஒரு நடிகை பகிர்ந்திருக்கிறாராம். செந்தாமரை படித்துக் காட்டிவிட்டு, “எவளோ வயித்தெரிச்சல் புடிச்சவ” என்றாள். நானும் ஆமாம் போட்டேன்.

பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஷாரோன் இன்று கேன்டீனில் எதுவும் சொல்லவில்லை. வயிற்றுவலியோ என்னவோ.

பிப்ரவரி 12, வியாழன்

பதிவுக்குக் கீழே ஒருவன் எழுதியிருக்கிறான்: “இந்தப் பச்சை ஃபில்டர் இல்லை, கம்பெனி கேமரா ஸ்டிக்கர். எங்களுக்குச் சிவப்பு. ஒரகடத்தில் பச்சை ஒட்டுவது ஒரே கம்பெனிதான்.”

ஒரு வருஷமாகக் கம்பெனி அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே பேர் சொல்லாமல் எழுதியிருக்கிறேன். கூறுகெட்டவ.

பிப்ரவரி 13, வெள்ளி

டீ நேரத்தில் இசக்கிதுரை அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இந்த அட்ரஸ் விஷயத்த அந்த ஷாரோன் பிள்ளை திங்கக்கிழமையே சொல்லிச்சுல்லா? நானே காதால கேட்டேன். நீ அவ பக்கத்துலதான நிக்க. அவ போன்ல ஏதும் பாத்தியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ‘அவ இல்லண்ணே.’ மூன்று நொடி வேலை. ஆனால் அவ இல்லைன்னா யாருன்னு கேப்பார்லா? என் மூஞ்சி காட்டிக் குடுத்திரும்லா?

“தெரியலண்ணே” என்றேன்.

“இல்லன்னு சொல்ல மாட்டேங்கியே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 14, சனி

மன்றத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் ஷாரோன் போட்டோ வந்திருக்கிறது. பெயர், வடக்குப்பட்டில் எந்தத் தெரு, சர்ச்சிலிருந்து எத்தனையாவது வீடு, எல்லாம். செந்தாமரைதான் காட்டினாள். கீழே ஒரு வரி: “பக்கத்தில் நிற்கும் பெண்ணே இல்லை என்று சொல்லவில்லை.”

பக்கத்தில் நிற்கும் பெண் நான்.

பிப்ரவரி 16, திங்கள்

ஷாரோன் வேலைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. பத்து மணிக்கு எச்.ஆர். மேடம் லைனுக்கே வந்துவிட்டார். கம்பெனிக்குள் வீடியோ எடுத்ததாகப் புகாராம். “போனைத் திறந்து காட்டிவிடு, அதில் ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடுகிறோம்” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அவள் போனில் ஒன்றும் இல்லை. காட்டினால் அவள் தப்பிவிடுவாள்.

“காட்ட மாட்டேன் மேடம்” என்றாள்.

எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். மேடம் இரண்டாம் தடவை கேட்டார். “என் போன நான் ஏன் குடுக்கணும்?” என்றாள். விசாரணை முடிகிறவரைக்கும் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும்போது என்னை ஒரு தடவை பார்த்தாள்.

எனக்கு எதிரே இருந்த போர்டில் வயர் எந்த நிறம் எங்கே போகிறது என்பதே மறந்துவிட்டது.

பிப்ரவரி 17, செவ்வாய்

அவள் இடத்தில் வேறு பெண்ணை நிறுத்திவிட்டார்கள்.

பிப்ரவரி 19, வியாழன்

பக்கத்தை அழித்துவிடலாமா? அழித்தால் ஷாரோன்தான் பயந்து அழித்தாள் என்பார்கள். இன்னொன்று போட்டு, அவள் வேலைக்கு வராதபோதும் பச்சை வருகிறதே என்று காட்டலாமா? மூன்று தடவை கேமராவைத் திறந்து மூன்று தடவை மூடினேன். இது எல்லாமே என் பேரைச் சொல்லாமல் அவளைக் காப்பாற்ற நான் பண்ணுகிற தந்திரம். வேறென்ன.

அவள் தெருவில் பைக்கில் போய் அந்தப் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு வருகிறார்களாம். இரண்டு பேர் பஸ்ஸில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த அந்த வயலினையும் சேர்த்துத்தானே வைப்பார்கள். இனிமேல் அதைக் கேட்கவே முடியாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

வடக்குப்பட்டு போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் குரூப்பில் இருக்கிறதே.

ஷாரோன் வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் அப்பா ஜன்னலுக்குப் பின்னால் நின்று, இது யார் புதுசாக என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் ஷாரோன்” என்றேன்.

“தெரியும். பத்தாந்தேதியே தெரியும். என் வாய்ல வந்தது எனுக்குத் தெரியாதா?”

“பின்ன ஏன் போனக் காட்டல?”

“காட்னா அப்பால யார் போன கேப்பாங்க? பக்கத்துல நிக்கறது நீ.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் உடனே கையைக் காட்டித் தடுத்தாள்.

“அழாத. உனுக்காக ஒண்ணும் இல்ல. நீயா வாயத் தெறப்பியான்னு பாத்தேன். அந்தாளு உன்ன ஓரமா இட்டுகினு போனானே, அன்னிலேந்து ஒம்போது நாளா பாத்துகினு கீறேன்க்கா.”

கதவைச் சாத்திவிட்டாள். வாலாஜாபாத் ரோடு வரைக்கும் நடந்தே வந்தேன். என் மேல் எனக்கு அவ்வளவு அருவருப்பு.

பிப்ரவரி 23, திங்கள்

எட்டரைக்கு எச்.ஆர். அறைக்குப் போய் போனைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். எல்லாம் பஸ்ஸில் எடுத்தவை, கம்பெனிக்குள் ஸ்டிக்கரை ஒரு நாளும் பிரித்ததில்லை, ஷாரோனுக்கு இதில் சம்பந்தமில்லை என்றேன். மேடம் போனை எடுத்து ஒவ்வொரு பதிவாகப் பார்த்தார். ஷாரோனைத் திரும்பக் கூப்பிடுகிறோம், நீயாகவே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். எழுதிக் கொடுத்தேன்.

வெளியே இசக்கிதுரை அண்ணன் நின்றிருந்தார். “ஊர்ப்பிள்ளைன்னு நம்புனேன்லா உன்ன.”

“தெரியலன்னுதானண்ணே சொன்னேன். அதுக்கு வீட்டு அட்ரஸ் போடுவியளா?” என்றேன். “மொதல்ல அத எடுங்க. நானும் நீங்களும் சேந்துதான் போட்டோம்.”

இரண்டு வருஷத்தில் அவரிடம் நான் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

கேட்டைத் தாண்டியதும் ஸ்டிக்கரை உரித்தேன். முகத்தைக் காட்டிப் பதிவு போட்டேன்: “இந்தப் பக்கம் என்னுடையது. என் பெயர் மாரிசெல்வி. நீங்கள் தேடிப்போன வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே வந்த நல்ல வரிகளில் பாதி வேறொருத்தியுடையவை. கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.”

பிப்ரவரி 24, செவ்வாய்

என் அண்ணன் போன் பண்ணி ஊருக்கு வா என்றான். வரல என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

இருங்காட்டுக்கோட்டையில் புது வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். இங்கே ஸ்டிக்கர் சிவப்பு.

ஷாரோன் பழைய போர்டுக்கே திரும்பிவிட்டாள் என்று செந்தாமரை சொன்னாள். குரூப்பில் அட்ரஸை எடுத்துவிட்டார்களாம். இரண்டு லட்சம் பேர் பார்த்த பக்கத்தில் இப்போது 290 பேர் இருக்கிறார்கள். திட்டுவதற்கென்றே இருப்பவர்களையும் சேர்த்து. ஷாரோனுக்கு நான் அனுப்பிய மூன்று மெசேஜுக்கும் பதில் இல்லை. நாலாவது அனுப்பவில்லை.

இன்று ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு டூயட் பற்றி எழுதினேன். பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லை. நாலு தடவை அடித்து எழுதியும் இவ்வளவுதான் வந்தது: “இருவரும் தனித்தனி ஊரில் பாடி அனுப்பியிருப்பார்கள் போல. ஒருவர் பாடுவது மற்றவருக்குக் கேட்கவில்லை.” என் பேரோடு போட்டேன்.

பஸ் டோல்கேட் தாண்டும்போது முதல் கருத்து வந்தது. ஷாரோன். சொந்தப் பேரில்.

“இது உன்து. தெரிது. சுமாரா தான் கீது.”

அதையே படித்துக்கொண்டிருந்ததில் என் ஸ்டாப் போய்விட்டது. அடுத்ததில் இறங்கி நடந்து வந்தேன்.